தூறலில் விழுந்த கோல்

பந்தை எப்படி நிறுத்துவது, எந்தக் காலால் அடிப்பது, ஆஃப்சைடில் மாட்டாமல் எங்கே நிற்பது என்பதையெல்லாம் உங்களுக்குக் கோச் சொல்லித்தருவார். அவரை அதற்காகத்தான் வைத்திருக்கிறார்கள். அதில் நான் மூக்கை நுழைக்கப் போவதில்லை. ஃபார்வர்டு இடத்துக்குப் புதிதாக வந்திருக்கும் தங்கைகளான உங்களிடம் நான் பேச நினைப்பது, பந்து காலுக்கு வந்த பிறகு கிடைக்கும் அந்த ஒரு மூச்சு நேரத்தைப் பற்றி. அதற்குள் ஒரு முடிவெடுத்தாக வேண்டும். யாரையும் கேட்க முடியாது. இன்றைக்கு என்ன குழம்பு வைப்பது என்று முடிவெடுக்கவே எனக்கு அரைமணி நேரம் ஆகும். மைதானத்தில் மட்டும் எப்படியோ சமாளித்துவிட்டேன்.

விளையாட்டை நிறுத்திச் சில வருடங்கள் ஆகின்றன. இப்போது பெரம்பலூரில் இருக்கிறேன். மாடிப்படி ஏறும்போது வலது முழங்கால் கொஞ்சம் முனகும். மற்றபடி நிம்மதியாக இருக்கிறேன். பஸ் ஸ்டாண்டில் யாராவது அடையாளம் கண்டு, "நீங்க ஃபுட்பால் ஆடுனவங்கதானே?" என்று கேட்டால் சந்தோஷமாக இருக்கிறது. கேட்காவிட்டாலும் ஒன்றும் குறைந்துவிடுவதில்லை. கொஞ்சம் குறையும், அதை ஏன் மறைக்க வேண்டும்?

முதலில் கோல் வராத காலத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அது உங்கள் எல்லோருக்கும் வரும். எனக்குச் சென்னைக் கிளப்பில் ஆடிக்கொண்டிருந்தபோது வந்தது. எங்கே அடித்தாலும் பந்து வெளியே போனது. போஸ்டில் பட்டது. கோலியின் முதுகில் பட்டுத் திரும்பியது. கோல் கீப்பரை நாங்கள் கோலி என்றுதான் சொல்வோம், நீங்களும் அப்படித்தான் சொல்வீர்கள். ஹாஸ்டல் சமையல்கார அம்மாவிலிருந்து ஆட்டோக்காரர் வரை எல்லோரும் எனக்கு யோசனை சொன்னார்கள். ஃபுட்பால் ஆட்டத்தை ஒருநாளும் பார்த்திராதவர்கள்தான் ரொம்பத் தெளிவாகச் சொன்னார்கள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பந்து வந்தால் பக்கத்தில் இருப்பவளுக்குத் தள்ளிவிட ஆரம்பித்தேன். தவறவிட்டாள் என்ற பேச்சு வராதல்லவா? பார்ப்பவர்கள், "என்ன பெரிய மனசு, எல்லாருக்கும் பாஸ் குடுக்குறா" என்றார்கள். எங்கள் டீமில் பேக், அதாவது பின்னால் நின்று தடுக்கும் இடத்தில், ஆடிய மூத்தவர் ஒருவர் மட்டும் அதில் ஏமாறவில்லை. ஒருநாள் தண்ணீர் பாட்டிலை என் கையில் கொடுத்துவிட்டு, "பயத்துக்கு நல்ல பேரு வாங்கிக் குடுத்துக்கிட்டு இருக்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அன்றிலிருந்து மறுபடி அடிக்க ஆரம்பித்தேன். அதற்குப் பிறகும் பல ஆட்டங்களில் தவறவிட்டேன். கடைசியில் ஒரு கார்னரில், நான் திரும்பி நின்று பேக்கோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, பந்து என் தோளில் பட்டு உள்ளே போனது.

ஊரில் அம்மா அதற்குள் கல்லங்குறிச்சிப் பெருமாளுக்கு வேண்டிக்கொண்டிருந்தார். எங்கள் பக்கத்தில் வயலில் விளைந்ததில் ஒரு பங்கை அந்தக் கோயிலுக்குக் கொண்டுபோய்ச் செலுத்துவது வழக்கம். கோலை எப்படிக் கொண்டுபோவது? கிளப்பில் கேட்டு அந்தப் பந்தையே வாங்கிப் போனேன். அம்மா அதைத் தட்டில் தேங்காய்க்குப் பக்கத்தில் வைத்துக் கொடுத்தார். அர்ச்சகர் பந்தையும் பார்த்தார், அம்மாவையும் பார்த்தார். "என்னம்மா இது?" என்றார். அம்மா கொஞ்சமும் தயங்காமல், "எம்பொண்ணு வெள்ளாமைங்க சாமி" என்றார். அவரும் சிரித்துக்கொண்டே பூ வைத்துக் கொடுத்தார்.

சரி, அதெல்லாம் நான் சென்னைக்குப் போன பிறகு நடந்தது. அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்பதுதான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டியது. அது ஒரு மக்காச்சோளக் கதை.

அப்போது நான் பெரம்பலூர் டீமில் ஆடிக்கொண்டிருந்தேன். எங்கள் பள்ளிக்கூடத்து பி.டி. சார், படிப்பை முடித்த பெண்களையும் விடாமல் சேர்த்துப் பிடித்து வைத்திருந்த டீம் அது. பொங்கலை ஒட்டி விக்கிரமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு ஊரில் பெண்களுக்கான போட்டி நடத்தினார்கள். நாங்களும் அந்த ஊர் டீமும் இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டோம்.

அந்த ஊர் டீமின் கோலி பெயர் மலர்க்கொடி. என் வயதுதான். உயரமாக, ஒல்லியாக இருப்பாள். பேசினால் வெட்டு ஒன்று, துண்டு இரண்டு. அதற்கு முன் பல போட்டிகளில் அவளுக்கு எதிராக ஆடியிருக்கிறேன். அவளைத் தாண்டிப் பந்து உள்ளே போனால் அன்றைக்கு எனக்குச் சோறு கூடுதலாக இறங்கும். ஆட்டம் தொடங்குவதற்கு முன் இரண்டு பேரும் குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது அவள் சொன்னாள்.

"இதான்டி எனக்குக் கடைசி. பொங்கல் முடிஞ்சதும் திருப்பூரு. சித்தி கம்பெனில சொல்லி வெச்சிடுச்சு."

"வேலைக்கா?"

"பின்ன, டூருக்கா? இன்னிக்கு மெட்ராஸ்லருந்து கோச்சு வந்திருக்காங்களாம்ல. அவங்க எடுத்துக்கிட்டா ஹாஸ்டலு, காலேஜு எல்லாம் உண்டாம். எடுக்கலன்னா பஸ்ஸு ஏறிடுவேன்."

அது எனக்கும் தெரியும். சென்னைக் கிளப் ஒன்றில் கோலியாக இருந்த பெண் திருமணமாகிப் போய்விட்டாள். புதிய கோலி ஒருத்தியைத் தேடித்தான் அந்தக் கோச் மேடம் வந்திருந்தார். பி.டி. சார் அவரிடம் கையைக் காலைப் பிடித்து, "எங்க டீம்லயும் ஒரு ஃபார்வர்டு இருக்கு மேடம், அப்பிடியே ஒரு பார்வை பாத்துடுங்க" என்று என்னைப் பற்றியும் சொல்லிவைத்திருந்தார். அவர் பார்க்க வந்தது மலர்க்கொடியை. நான் கொசுறு.

மைதானத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு பக்கத்துக் கோல் போஸ்டுக்குப் பின்னாலேயே ஊரின் களம் இருந்தது. சிமெண்ட் போட்ட களம். தை மாதம் மக்காச்சோளம் அறுப்பு முடிந்திருந்த சமயம். உதிர்த்த சோளத்தை அங்கே மஞ்சளாகப் பரப்பிக் காயப்போட்டிருந்தார்கள். முதல் பாதியில் மலர்க்கொடி அந்தப் பக்கத்துக் கோலில்தான் நின்றாள். அவளுக்குப் பின்னால் காய்ந்துகொண்டிருந்தது அவள் வீட்டுச் சோளம். அவள் அம்மா தனியாளாகக் காலால் கோடு இழுத்து இழுத்துக் கிளறிவிட்டுக்கொண்டிருந்தார். அப்பா இல்லாத வீடு அது.

உங்களில் விவசாய வீட்டிலிருந்து வந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். காய்ந்த சோளம் நனைந்தால் பூசணம் பிடித்துக் கறுத்துவிடும். வியாபாரி கையில் எடுத்துப் பார்த்துவிட்டு அப்படியே கீழே போட்டுவிட்டுப் போவார். அதனால் களத்தில் தானியம் கிடக்கும்போது தூறல் விழுந்தால், யாருடையது என்று கேட்காமல் கண்ணில் படுகிறவர்கள் எல்லோரும் ஓடுவார்கள். பஸ்ஸுக்கு நிற்பவர்கள்கூட ஓடுவார்கள். ஓட வேண்டும் என்று யாரும் யோசிப்பதில்லை. கால் போய்விடும்.

தை மாதத்தில் யார் மழையை எதிர்பார்த்தார்கள்? படுதாவைக்கூட வீட்டிலிருந்து கொண்டுவந்து ஒரு மூலையில் சும்மா மடித்துப் போட்டிருந்தார்கள். முதல் பாதி முடியப்போகிற நேரம். எங்கள் டீமில் ஒருத்தி தூக்கி அடித்த பந்து, அவர்களின் பேக் இருவரையும் தாண்டி வந்து எனக்கு முன்னால் விழுந்தது. நான் பந்தோடு ஓடுகிறேன். எதிரில் மலர்க்கொடி மட்டும்தான். அவள் கையை விரித்துக்கொண்டு முன்னால் வந்தாள். அப்போது என் மூக்கில் ஒரு சொட்டு விழுந்தது. கன்னத்தில் இன்னொன்று.

மலர்க்கொடி நின்றாள். வானத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பின்னால் இருந்து அவள் அம்மாவின் குரல் கேட்டது. "ஐயோ, மழ வந்துடுச்சே." அவ்வளவுதான். அவள் திரும்பி, கோல் போஸ்டைக் கடந்து, களத்தைப் பார்த்து ஓடிவிட்டாள்.

தங்கைகளே, என் முன்னால் கோல் காலியாக இருந்தது. கோலி இல்லை. விசிலும் அடிக்கவில்லை. நான் சொன்ன அந்த ஒரு மூச்சு நேரம் இதுதான். என் காலும் களத்துக்குத்தான் போகப் பார்த்தது, சத்தியமாகச் சொல்கிறேன். நானும் மழைக்கு ஓடி வளர்ந்தவள்தான். ஆனால் பந்து என் காலில் இருந்தது. என்னோடு ஆடியவர்கள் அதற்காகத்தான் அவ்வளவு நேரம் வெயிலில் ஓடியிருந்தார்கள். அடித்தேன். பந்து உள்ளே போவதைக்கூட நின்று பார்க்கவில்லை. அப்படியே போஸ்டுக்குப் பக்கவாட்டில் ஓடி நேராகக் களத்தில் போய் நின்றேன்.

அங்கே அவள் பலகையால் சோளத்தைத் தள்ளிக் குவித்துக்கொண்டிருந்தாள். நான் எதிர்ப்பக்கத்திலிருந்து கையாலேயே வாரித் தள்ளினேன். நிமிராமலேயே கேட்டாள்.

"அடிச்சியா?"

"அடிச்சேன்."

"போயிடுச்சா?"

"போயிடுச்சு."

"சரி, அந்தப் பக்கம் படுதாவ இழு."

அதற்குள் இரண்டு டீமும் வந்துவிட்டது. வேடிக்கை பார்த்தவர்களும் வந்துவிட்டார்கள். மைக்கில் ஆட்டத்தை வர்ணித்துக்கொண்டிருந்தவர் மைக்கைப் போட்டுவிட்டு வந்து கல் தூக்கிப் படுதாவின் ஓரத்தில் வைத்தார். மைதானத்தில் ரெஃப்ரி மட்டும் நின்று விசில் அடித்துக்கொண்டிருந்தார். பாவம், அவர் டவுன்காரர். பந்தல் நிழலில் சென்னைக் கோச் மேடம் எழுந்து நின்று, நடப்பது என்ன என்று புரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

சோளம் நனையவில்லை. மேலாக இரண்டு கை அளவு ஈரமானது, அவ்வளவே. மழையும் கொஞ்ச நேரம் அடித்துவிட்டு, வந்த வழியே போய்விட்டது.

அதன்பிறகு வந்தது வேறு மழை. அந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ரெஃப்ரியிடம் வந்துவிட்டார்.

"என்ன சார் நாயம் இது? எங்க புள்ள சோளம் வாரப் போச்சு. ஆளில்லாத வூட்டுல பூந்த மாதிரி இவுங்க கோல் போட்டா அது செல்லுமா?"

எங்கள் சாரும் விடவில்லை. "கோல் விழுந்தப்ப விசில் அடிக்கலங்க. ஆட்டம் நடந்துக்கிட்டுத்தான் இருந்துச்சு" என்றார். கூட்டம் கூடிவிட்டது. களத்தில் தானியம் வைத்திருந்தவர்கள் மலர்க்கொடி பக்கம் நின்றார்கள். அதிலும் பாதிப் பேர், அவள் செய்தது சரி என்றால் கோலும் சரிதானே என்று குழம்பிப் போய் நின்றார்கள். அப்போது மலர்க்கொடி தலைமுடியில் ஒட்டிய சோளத் தூசியைத் தட்டிக்கொண்டே கூட்டத்துக்குள் வந்தாள்.

"சித்தப்பா, அது கோல்தான். நானே தான போனேன், என்ன யாரும் புடிச்சுத் தள்ளல. ஆட்டத்த ஆரம்பிங்க, இருட்டப்போவுது."

அவளே சொன்ன பிறகு யார் பேச முடியும்? எங்களுக்கு ஒரு கோல் என்று எழுதினார்கள். அதோடு முதல் பாதி முடிந்தது.

இரண்டாம் பாதிக்கு முன், நான் பந்தல் பக்கம் தண்ணீர் குடிக்கப் போனபோது கோச் மேடம் பேசுவது காதில் விழுந்தது. "நல்ல கோலின்னு சொன்னாங்களே சார். மழ தூறுனா போஸ்ட விட்டுட்டு ஓடுற பொண்ண வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ணட்டும்?" பி.டி. சார் என்னென்னவோ சமாதானம் சொன்னார். சோளம், பூசணம், அப்பா இல்லாத வீடு எல்லாவற்றையும் சொன்னார். மேடம் கேட்டுக்கொண்டார். முகம் மாறவில்லை. "உங்க ஃபார்வர்டும் காலி கோல்லதான அடிச்சுது" என்றார் கடைசியில்.

என்னைப் பற்றிச் சொன்னதுகூட எனக்கு உறைக்கவில்லை. மலர்க்கொடியைப் பற்றிச் சொன்னதுதான் உறைத்தது. அவள் அம்மாவின் சோளத்தைக் காப்பாற்றிவிட்டு அவள் திருப்பூர் பஸ்ஸில் ஏறப்போகிறாள். கோல் அடித்தது நான். நான் அடித்தது தப்பு என்று அப்போதும் நினைக்கவில்லை, இப்போதும் நினைக்கவில்லை. ஆனாலும் மனசு கேட்கவில்லை.

அந்த மனசோடுதான் இரண்டாம் பாதி ஆடப் போனேன். கொஞ்ச நேரத்திலேயே ஒரு நல்ல வாய்ப்பு வந்தது. மலர்க்கொடி எதிரில் நிற்கிறாள். கிளவுஸ் நனைந்து வழுக்குகிறது என்று கழற்றி எறிந்துவிட்டு வெறுங்கையோடு நின்றாள். நான் காலைத் தூக்கினேன். தூக்கிய கால் பாதியில் தளர்ந்துவிட்டது. பந்து மெதுவாக உருண்டு அவள் கைக்கே போனது. இவள் பிடித்துவிட்டாள் என்று மேடம் பார்க்கட்டுமே என்று நினைத்தேன். உதவி செய்துவிட்டேன் என்றுகூட ஒரு கணம் மனசு குளிர்ந்தது.

மலர்க்கொடி பந்தை எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள்.

"ஏண்டி, பிச்ச போடுறியா?"

"இல்லடி, காலு வழுக்கிடுச்சு."

"எங்கிட்டயே பொய் சொல்லாத. அந்தம்மா என்னா சொல்லுச்சுன்னு எனக்கும் தெரியும். இந்த மாதிரி உருட்டிவிட்டா எங்கம்மாகூட புடிக்கும். இதப் பாத்தா அவங்க என்ன எடுக்கப் போறாங்க? நீ ஒழுங்கா அடிச்சாத்தான்டி எனக்குப் பொழப்பு."

சொல்லிவிட்டுப் பந்தை ஓங்கி எட்டி உதைத்துவிட்டுப் போஸ்டுக்குத் திரும்பிப் போனாள்.

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அவள் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. ஒரு கோலிக்கு ஃபார்வர்டு செய்யக்கூடிய உதவி ஒன்றே ஒன்றுதான். இருக்கிற பலத்தையெல்லாம் சேர்த்து அடிப்பது. பிடிக்க முடியாததைப் பிடித்தால்தான் அவள் கோலி. பிடிக்க முடியாத பந்தை நான் கொடுத்தால்தான் அவளால் பிடிக்க முடியும். பாவம் பார்த்து அடிக்கும் பந்தில் அவளுக்கும் பெயரில்லை, நமக்கும் பெயரில்லை. இதை எந்தக் கோச்சும் எனக்குச் சொல்லித்தரவில்லை. எதிர் டீம் கோலிதான் திட்டிச் சொல்லித்தந்தாள்.

அதற்குப் பிறகு நான் அடித்த அடியெல்லாம் அடிதான். ஈரத்தில் பந்து கனத்துப் போயிருந்தது. இடது ஓரத்திலிருந்து ஒன்று அடித்தேன். பாய்ந்து விழுந்து தட்டிவிட்டாள். தலையால் ஒன்று முட்டினேன். கோட்டின் மேல் வைத்துப் பிடித்தாள். அவள் பிடிக்கப் பிடிக்க எனக்கு வெறி ஏறியது. எப்படியும் இன்னொரு கோல் போட்டுவிட வேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்பட்டேன். விட்டுக்கொடுக்கும் எண்ணம் மருந்துக்கும் இல்லை. பந்து அவள் உள்ளங்கையில் பட்டுத் தெறிக்கும் சத்தம் மைதானத்துக்கு வெளியேயும் கேட்டிருக்கும். ஒவ்வொரு முறையும் கையை உதறிக்கொண்டு, "இன்னும் வரட்டும்" என்பதுபோலத் தலையை ஆட்டினாள்.

ஆட்டம் முடியப்போகும் நேரத்தில், எங்கள் டீம் பெண் ஒருத்தியை அவர்களின் பேக் தள்ளிவிட்டதில் எங்களுக்குப் பெனால்டி கிடைத்தது. சார் வெளியிலிருந்து, "ஓரமா தள்ளிவுடு, போதும். அவ கை வெலவெலத்துப் போயிருக்கு" என்று கத்தினார். நல்ல யோசனைதான். பெனால்டியை ஓரமாகத் தள்ளிவிடுவதில் ஒரு தப்பும் கிடையாது. அது எனக்கு வரும் என்றால் அதைத்தான் செய்திருப்பேன். எனக்கு வந்ததெல்லாம் ஓங்கி அடிப்பது மட்டும்தான். பதற்றமான நேரத்தில் தனக்கு வராததை முயற்சி செய்து பார்ப்பது ஆகாத வேலை. வலது மேல் மூலையைப் பார்த்து ஓங்கி அடித்தேன். என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் பந்தை அவ்வளவு சுத்தமாக அடித்ததில்லை.

மலர்க்கொடி அதையும் தட்டிவிட்டாள்.

எப்படி என்று கேட்காதீர்கள். நான் பார்த்தபோது அவள் காற்றில் இருந்தாள். பந்து பாருக்கு மேலே போய்க் கூட்டத்துக்குள் விழுந்தது. அந்த ஊர் மொத்தமும் கத்தியது. எங்கள் ஊர்க்காரர்களிலும் சிலர் கை தட்டினார்கள். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். வருத்தம் இருந்தது, மறைக்க மாட்டேன். ஆனால் அந்த வருத்தத்துக்கு அடியில் ஒரு சந்தோஷமும் இருந்தது. நான் நன்றாக அடித்தேன், அவள் அதைவிட நன்றாகத் தடுத்தாள். இதற்குமேல் ஒரு ஆட்டத்தில் என்ன வேண்டும்?

அந்தக் காலிக் கோலோடு நாங்கள் ஜெயித்தோம். கோப்பையை வாங்கிக்கொண்டு நிற்கும்போது கோச் மேடம் மலர்க்கொடியிடம் நடந்து வந்தார். அவள் அம்மாவும் அதற்குள் யாரோ சொல்லி விஷயம் தெரிந்து ஓடி வந்திருந்தார். "சோளம் போனா அடுத்த வெள்ளாமைல பாத்துக்கலாமேடி, எவடி உன்ன வரச் சொன்னா" என்று மகளின் முதுகில் ஒரு அடி வைத்துவிட்டு, அதே கையால் முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மேடம் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மகளிடம் கேட்டார்.

"நாளைக்கு என் டீம்ல நிக்கற. சோளம் காயுது, மழ வருது. என்ன பண்ணுவ?"

போக மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடேன் என்று நான் மனசுக்குள் கெஞ்சினேன். மலர்க்கொடி கொஞ்சம் யோசித்தாள். அவளுக்குப் பொய் வராது.

"போவேன் மேடம். ஆனா மொதல்ல பந்த வெளிய குத்திவுட்டுட்டுத்தான் போவேன்."

மேடம் அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தார். அவள் கையைப் பிடித்துத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தார். அது ரத்தம் கட்டிச் சிவந்துபோயிருந்தது. "அடுத்த வாரம் கெளம்பி வா" என்றார். அவள் அம்மாவுக்கு அது புரியவே கொஞ்ச நேரம் ஆனது.

என்னிடமும் வந்தார். "நல்லாத்தான் அடிக்கிற. கோல்தான் வரல. பாக்கலாம்" என்றார். நம் ஊரில் 'பாக்கலாம்' என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். பி.டி. சார் பஸ்ஸில் வரும் வழியெல்லாம், "ஓரமா தள்ளிவுடுன்னு சொன்னனா இல்லையா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். கீழப்பழுவூர் வந்ததும் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு மறுபடியும் கேட்டார். நான் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிவிட்டேன்.

அப்புறம் நான் பெரம்பலூரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். சாயங்காலம் கடை முடிந்தால் ஆட்டம் கிடையாது, அசதிதான் இருக்கும். எனக்கு அந்த நாட்களில் கசப்பு ஒன்றும் இல்லை என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். ஆனால் அதுதான் உண்மை. பாதியில் கால் தளர்ந்த அந்த அடியோடு ஆட்டம் முடிந்திருந்தால், அவளும் திருப்பூர் போயிருப்பாள், நானும் அதை நினைத்து நினைத்து வெந்திருப்பேன். முழுசாக அடித்து அவள் கையிடம் தோற்றதில் அந்தத் தொல்லை இல்லை. இரவு படுத்தால் தூக்கம் வந்தது.

இதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன். எதிரில் நிற்பவளைப் பார்த்துச் சில நாள் உங்களுக்குப் பாவமாக இருக்கும். அவள் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆட்டம் முடிந்த பிறகு அவளோடு உட்கார்ந்து அழுங்கள், அவள் வீட்டுக்குப் போய்ச் சோளம் வாருங்கள், கல்யாணத்துக்கு மொய் வையுங்கள். பந்து காலில் இருக்கும்போது மட்டும் முழுசாக அடியுங்கள். அவளை நீங்கள் மதிக்கிறீர்கள் என்று அவளுக்குத் தெரிவிக்க அதைவிட்டால் வேறு வழி கிடையாது.

சித்திரை வெயில் கொளுத்திய ஒரு மத்தியானம், கடையில் ஒரு கல்யாணக் கூட்டத்துக்குப் புடவை பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. முதலாளி முறைத்தார். எடுத்தால் மலர்க்கொடி.

"ஏய், எங்கடி இருக்க?"

"கடைல. வெச்சிட்டு அப்பறம் கூப்புடு, மொதலாளி பாக்குறாரு."

"பாக்கட்டும். நாஞ் சொல்றதக் கேளு. நான் இங்க வந்த நாள்லருந்து தெனம் ப்ராக்டீஸ் முடிஞ்சதும் மேடத்துகிட்ட உன்னப் பத்திப் பேசிக்கிட்டே இருக்கேன். அவங்களுக்குத் தாங்கல போல. அவள வரச் சொல்லித் தொல, பாத்துடலாம்னு இன்னிக்குச் சொல்லிட்டாங்க."

"என்னடி சொன்ன என்னப் பத்தி?"

"உள்ளதத்தான் சொன்னேன். இங்க எவ அடிச்சாலும் எங் கையி வலிக்கவே மாட்டேங்குதுன்னேன். ஷூவ எடுத்துக்கிட்டுக் கெளம்பி வா."